கொக்கு, நாரை, குருகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீரோரம் வெள்ளையாக எது நின்றாலும் "கொக்கு" என்று சொல்லிவிட்டு நடந்துவிடுகிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் அரை டஜன் பறவைகளாவது இருக்கின்றன. ஒன்றின் பாதம் மஞ்சள். ஒன்றின் வாய்ப்பிளவு கண்ணைத் தாண்டி ஓடுகிறது. இன்னொன்று நீரை அதிகம் நாடாமல் மாட்டின் பின்னால் நடக்கிறது. பறவை பார்க்கத் தொடங்கியவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

கொக்கு வேறு, நாரை வேறா?

பேச்சில் வேறு, பறவையியலில் அப்படி இல்லை. உயரமாகவும் சாம்பலாகவோ செம்பழுப்பாகவோ இருப்பதை நாரை என்கிறோம். வெள்ளையாக, சற்றுச் சிறியதாக இருந்தால் கொக்கு. நாணலுக்குள் பதுங்கி வாழ்ந்தால் குருகு. சாம்பல் நாரை, பெரிய வெண்கொக்கு, மஞ்சள் குருகு ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்னும் சொல்லப்போனால், பெரிய வெண்கொக்குக்கு நெருங்கிய உறவு, அதைப் போலவே வெள்ளையாக இருக்கும் சின்ன வெண்கொக்கு அல்ல, சாம்பல் நாரைதான். வெண்மையை வைத்து உறவு சொல்ல முடியாது.

உண்மையான குழப்பம் வேறோர் இடத்தில் இருக்கிறது. செங்கால் நாரை, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை என்று நாம் சொல்பவை இந்தக் குடும்பத்தில் சேராதவை. அவை தனிக் குடும்பம். அதேபோல், சாரசம் போன்ற பெருங்கொக்குகள் பெயரில் மட்டுமே கொக்கு. அவற்றின் வம்சம் முற்றிலும் வேறு. ஆக, தமிழில் இரண்டே சொற்கள் மூன்று குடும்பங்களைச் சுமக்கின்றன. பெயரை மட்டும் நம்பினால் வழி தவறும். உடலைப் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் பார்த்தவுடன் எப்படிப் பிரிப்பது?

பறக்கும்போது கழுத்தைப் பாருங்கள். இதைவிட எளிய அடையாளம் இல்லை. கொக்குக் குடும்பத்துப் பறவைகள் நெடுந்தூரம் பறக்கும்போது கழுத்தை மடித்துத் தோள்களுக்கிடையே இழுத்துக்கொள்ளும். முன்பக்கம் மார்புக்கு மேல் ஒரு புடைப்புத் தெரியும். செங்கால் நாரை, பெருங்கொக்கு, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் கழுத்தை ஈட்டிபோல் முன்னே நீட்டிப் பறக்கும். வானத்தில் வெறும் நிழலுருவமாகத் தெரிந்தால்கூட இது போதும். எழும்பும் முதல் சில நொடிகளிலும் இறங்கும்போதும் மட்டும் கொக்கும் கழுத்தை நீட்டும் என்பதால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

மரத்தில் அமர்வதும் ஓர் அடையாளம். கொக்கின் பின்விரல் நீளமானது, மற்ற விரல்களின் மட்டத்திலேயே இருப்பது. அதனால் கிளையைப் பற்றிக்கொள்ள முடியும். சாரசத்தின் பின்விரல் சிறியது, மேலே ஏறி இருப்பது. அதனால் கிளையைப் பற்ற முடியாது.

உலகில் மொத்தம் எத்தனை இனங்கள்?

அறுபதுக்கும் மேல். சரியான எண்ணிக்கை பட்டியலுக்குப் பட்டியல் மாறும். ஒருவர் ஒரே இனம் என்பதை இன்னொருவர் இரண்டாகப் பிரிப்பார். அண்டார்க்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் இருக்கின்றன. முன்பு இவற்றைச் செங்கால் நாரைகளோடு ஒரே வரிசையில், அதாவது பல குடும்பங்கள் அடங்கிய ஒரே பெரும்பிரிவில், வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு கூழைக்கடாக்கள் இருக்கும் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள்.

கழுத்து ஏன் அப்படி முறிந்ததுபோல் வளைந்திருக்கிறது?

கொக்கின் கழுத்தில் இருபது அல்லது இருபத்தோரு எலும்புகள் உண்டு. அவற்றில் ஆறாவது எலும்பு மட்டும் மற்றவற்றைவிட நீளமானது. அந்த இடத்தில்தான் கழுத்து அந்த முறுக்கான மடிப்பை எடுக்கிறது. மடிந்து நிற்கும் கழுத்து இழுத்துப் பிடித்த வில்லுக்குச் சமம். விடுபடும்போது அலகு நேராகப் பாய்கிறது.

ஒருமுறை ஒரு பெரிய வெண்கொக்கை முக்கால் மணி நேரம் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்கால் ஆழ நீரில் நின்றது. முதலில் கழுத்து மட்டும் மெல்ல முன்சாய்ந்தது. உடம்பில் அசைவே இல்லை. பிறகு தலை அப்படியே இருக்க, கழுத்தின் நடுப்பகுதி மட்டும் இடமும் வலமுமாக இலேசாக ஆடியது. ஒரு காலை நீரிலிருந்து எடுத்தபோது விரல்கள் குவிந்து வந்தன, சொட்டுகூடத் தெறிக்கவில்லை. அடுத்த கணம் தலை நீருக்குள் இருந்தது. பாய்ந்ததை என் கண் பார்க்கவில்லை, முடிந்ததைத்தான் பார்த்தது. அலகின் குறுக்கே கிடந்த மீனை இரண்டு முறை தூக்கிப் போட்டுத் தலை உள்பக்கம் வருமாறு திருப்பிக்கொண்டது. மீன் தொண்டையில் இறங்குவது வெளியே ஒரு புடைப்பாகத் தெரிந்து, வளைவுகளைக் கடந்து கீழே போய் மறைந்தது. கடைசியாக ஒரு வாய் தண்ணீர் குடித்தது.

தலையை முன்னால் வைத்து விழுங்குவதற்குக் காரணம் இருக்கிறது. மீனின் செதிலும் துடுப்பு முள்ளும் வால் பக்கமாகச் சாய்ந்தவை. வாலை முன்னால் விட்டால் அவை விரிந்து தொண்டையில் மாட்டும்.

நீருக்குள் இருக்கும் மீன் இடம் மாறித்தானே தெரியும்? எப்படிக் குறி தவறாமல் கொத்துகிறது?

நீரில் ஒளி விலகுவதால் மீன் இருக்கும் இடத்தைவிட மேலே இருப்பதுபோல் தெரியும் என்பது உண்மைதான். கொக்கு அந்தப் பிழையைத் திருத்திக் கொத்துகிறது. கரைக்கொக்குகளை வைத்துச் செய்த சோதனைகளில், கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கும் மீன் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாட்டை அவை ஈடுசெய்து பாய்வது தெரியவந்திருக்கிறது. கண்களின் அமைப்பும் உதவுகிறது. தலையைக் குனியாமலே அலகுக்கு அடியில், தன் காலடியில் நடப்பதை இரண்டு கண்களாலும் சேர்த்துப் பார்க்க கொக்கால் முடியும்.

வெள்ளைக் கொக்குகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கின்றன. பெரியது, நடுத்தரம், சின்னது என்று எப்படிச் சொல்வது?

அளவை மட்டும் நம்பாதீர்கள். தனியாக நிற்கும் பறவையின் அளவு எல்லோரையும் ஏமாற்றும். அலகு, வாய்ப்பிளவு, பாதம் என்ற வரிசையில் பாருங்கள்.

பெரிய வெண்கொக்கு 80 முதல் 104 செ.மீ. நீளம். ஏறக்குறைய சாம்பல் நாரை உயரம். கழுத்து உடலைவிட நீளமாகத் தோன்றும். நடுவில் கூர்மையான மடிப்பு இருக்கும். கால் முழுவதும் கறுப்பு, பாதமும் கறுப்பு. அலகு சாதாரண நாட்களில் மஞ்சள். முடிவாகச் சொல்லக்கூடிய அடையாளம் வாய்ப்பிளவு: அலகின் மூலையிலிருந்து ஒரு மெல்லிய கோடு கண்ணுக்குக் கீழே ஓடி, கண்ணைத் தாண்டிப் பின்னால் போய் முடியும். தொலைநோக்கியில் இந்தக் கோட்டை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மறக்காது.

நடுத்தர வெண்கொக்குக்கும் அலகு மஞ்சள், கால் கறுப்பு. ஆனால் அலகு குட்டை, தலை உருண்டை, வாய்ப்பிளவு கண்ணுக்கு நேர்கீழேயே நின்றுவிடும். அனுபவசாலிகளே பெரியதோடு குழப்பிக்கொள்ளும் பறவை இது. நான் இன்றும் வாய்ப்பிளவைப் பார்க்காமல் பெயர் எழுதுவதில்லை.

சின்ன வெண்கொக்கு 55 முதல் 65 செ.மீ. மெலிந்த உடல், கறுத்த மெல்லிய அலகு, கறுத்த கால், அதன் நுனியில் மஞ்சள் பாதம். கறுப்புக் காலுறையும் மஞ்சள் செருப்பும் போட்டதுபோல் இருக்கும். சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது. பறக்கும் வரை காத்திருங்கள், வாலுக்குப் பின்னால் மஞ்சள் பளிச்சென்று தெரியும். அமெரிக்கக் கண்டங்களில் இதே தோற்றத்தில் பனிக்கொக்கு என்று வேறோர் இனம் உண்டு; அதற்கும் மஞ்சள் பாதம்தான். இனப்பெருக்கக் காலத்தில் சின்ன வெண்கொக்கின் பிடரியில் நாடாபோல் இரண்டு நீண்ட சிறகுகள் தொங்கும். பனிக்கொக்குக்குக் கலைந்த கொண்டை.

உண்ணிக்கொக்கு இவற்றில் குட்டை, 46 முதல் 56 செ.மீ. கழுத்து தடித்தது, அலகு மஞ்சளாகக் குட்டையாக இருக்கும், தாடை உப்பியதுபோல் தெரியும். புல்வெளியில் மாடுகளுக்கு நடுவே கூட்டமாக நின்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும்.

போன மாதம் பார்த்த கொக்கின் அலகு மஞ்சள், இப்போது கறுப்பு. வேறு பறவையா?

பெரும்பாலும் அதே பறவைதான். கூடு கட்டும் காலம் வரும்போது கொக்கின் அலகு, கால், கண்ணுக்கும் அலகுக்கும் இடையிலுள்ள வெற்றுத் தோல் எல்லாம் நிறம் மாறும். பெரிய வெண்கொக்கின் முகத் தோல் பச்சையாகும். பல நாடுகளில் அலகும் கறுத்துவிடும். சின்ன வெண்கொக்கின் முகமும் பாதமும் சிவப்பேறும். உண்ணிக்கொக்கின் தலை, மார்பு, முதுகு ஆரஞ்சு கலந்த பொன்னிறமாகும். அலகும் காலும் சிவக்கும். சாம்பல் நாரையின் அலகுகூட இளஞ்சிவப்போ ஆரஞ்சோ ஏறி நிற்கும். இணை சேரும் நாட்களில் இந்த நிறங்கள் உச்சத்தில் இருக்கும். முட்டையிட்ட பிறகு மெல்ல வடிந்துவிடும். களக்குறிப்பேட்டில் அலகின் நிறத்தோடு தேதியையும் எழுதிவைப்பது இதனால்தான் முக்கியம்.

வெள்ளையாக இருப்பதெல்லாம் வெண்கொக்குதானா?

இல்லை, இங்கே கவனமாக இருக்க வேண்டும். கரைக்கொக்குகளில் ஒரே இனத்தில் கரும்சாம்பல் பறவைகளும் உண்டு, தூய வெள்ளைப் பறவைகளும் உண்டு. வட அமெரிக்காவின் பெரிய நீல நாரைக்குத் தென் புளோரிடாவில் முழு வெள்ளை வடிவம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது அமெரிக்காவின் சின்ன நீலக்கொக்கு. முதிர்ந்த பறவை கருநீலம். முதல் ஆண்டு இளம்பறவையோ வெள்ளை. அந்த வெண்மையால் பனிக்கொக்குகளின் கூட்டம் அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. அந்தக் கூட்டத்தோடு மேயும்போது தனியாக இருப்பதைவிட அதிக மீன் கிடைக்கிறது. பிறகு வெள்ளையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக ஒரு பருவத்தைக் கழித்து முழு நீலமாகிறது.

மிகப் பெரியது எது, மிகச் சிறியது எது?

பெரியது ஆப்பிரிக்காவின் கோலியாத் நாரை. நின்றால் ஒன்றரை மீட்டர் வரை உயரம், நான்கைந்து கிலோ எடை. சிறியவை குட்டைக் குருகுகள். அமெரிக்காவின் சிறுகுருகு ஏறத்தாழ 30 செ.மீ. நீளமும் நூறு கிராமுக்கும் குறைவான எடையும் உள்ளது. இரண்டு நாணல் தண்டுகளை இரண்டு கால்களால் பிடித்தபடி நீருக்கு மேல் நிற்கும்.

சாம்பல் நாரையையும் செந்நாரையையும் தூரத்திலிருந்து பிரிக்க முடியுமா?

முடியும். சாம்பல் நாரை திறந்த வெளியில் நிற்கும். வெளிர் சாம்பல் உடல், வெள்ளைத் தலை, கண்ணுக்கு மேலிருந்து பின்னால் தொங்கும் கறுப்புக் கொண்டைச் சிறகு. செந்நாரை மெலிந்தது, கழுத்து பாம்புபோல் ஒல்லியாகச் செம்பழுப்பில் கறுப்புக் கோடுகளோடு இருக்கும். அதன் விரல்கள் மிக நீளம், மிதக்கும் தாவரங்களின் மேல் நடக்க ஏற்றவை. நாணல் புதரை விட்டு அதிகம் வெளியே வராது. பறக்கும்போது மடித்த கழுத்தின் புடைப்பு சாம்பல் நாரையைவிட ஆழமாகத் தொங்கும், விரல்களும் வெளியே துருத்தும்.

மண்ணோடு மண்ணாக நின்ற பறவை, எழும்பியதும் வெள்ளையாகிவிடுகிறதே?

அது மடையான், குளத்துக்கொக்கு என்றும் சொல்வோம். பாரசீக வளைகுடா முதல் மியான்மர் வரையும் இலங்கையிலும் காணப்படுவது. மடைவாயில் காத்திருப்பதால் வந்த பெயர் என்று தோன்றுகிறது. அந்தக் காத்திருப்பைப் பார்த்த யாருக்கும் பெயர் பொருந்துவது புரியும். முதுகும் கோடுபோட்ட கழுத்தும் சேற்று நிறம். சிறகு, வால், அடிவயிறு முழு வெள்ளை. உட்கார்ந்திருக்கும்போது பழுப்பு முதுகு அந்த வெண்மை முழுவதையும் மூடிவிடும். நாம் இரண்டடி தூரத்தில் வரும் வரை அசையாது. பிறகு திடீரென்று காலடியில் ஒரு வெள்ளைத் துணியை உதறியதுபோல் எழும்பும். இறங்கிய இடத்தில் மறுபடியும் காணாமல் போகும். இனப்பெருக்கக் காலத்தில் முதுகு ஆழ்ந்த அரக்கு நிறமாகும், அப்போது இதைப் பார்த்தவர்கள் புதுப்பறவை என்றே நினைத்துவிடுவார்கள். சீனாவிலும் ஜாவாவிலும் இதன் நெருங்கிய உறவினங்கள் இருக்கின்றன; இனப்பெருக்க நிறம் இல்லாதபோது அந்த மூன்றையும் பிரிப்பது மிகக் கடினம்.

இருட்டத் தொடங்கியதும் "க்வாக்" என்று கத்திக்கொண்டு போவது என்ன?

வக்கா, அதாவது இராக்கொக்கு. பெயரே அதன் குரல். குட்டைக் கழுத்து, கறுப்பு உச்சந்தலையும் முதுகும், சாம்பல் சிறகு, இரத்தச் சிவப்புக் கண். பிடரியிலிருந்து நூல்போல் இரண்டு மூன்று வெள்ளைச் சிறகுகள் தொங்கும். பகலில் அடர்ந்த மரத்தில் கூன்போட்டு உட்கார்ந்திருக்கும். மற்றக் கொக்குகள் அடையத் திரும்பும் நேரத்தில் இது வேலைக்குக் கிளம்பும். ஒரே நீர்நிலையை இரண்டு ஷிப்டுகளாகப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று சொன்னால் தவறில்லை. இளம்பறவை பழுப்பில் வெள்ளைச் சொட்டுகள் தெளித்தது. முழு நிறம் வர மூன்றாம் ஆண்டு ஆகும்.

குருகு அலகை வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டு நிற்பது ஏன்?

ஒளிவதற்காக. மார்பிலுள்ள நெடுக்குக் கோடுகள் நாணல் தண்டுகளோடு ஒன்றிப்போகும். காற்றில் நாணல் ஆடினால் குருகும் சேர்ந்து ஆடும். அந்த நிலையிலும் கண்கள் அலகின் இருபுறமும் கீழ்நோக்கி நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். ஐரோப்பிய, ஆசிய நாணல் சதுப்புகளில் வாழும் பெருங்குருகின் ஆண், உணவுக்குழாயைக் காற்றால் நிரப்பி, காலிப் பானைக்குள் ஊதியதுபோல் ஓர் ஆழ்ந்த ஒலி எழுப்பும். அமைதியான இரவில் அது ஐந்து கிலோமீட்டர் தூரம் வரை கேட்கும். பறவையைப் பார்க்காமல், ஆண் குருகுகள் எழுப்பும் ஒலியை எண்ணித்தான் கணக்கெடுப்பே நடத்துகிறார்கள்.

உண்ணிக்கொக்கு உண்மையில் உண்ணியைத்தான் தின்கிறதா?

தின்னும், ஆனால் அது முக்கிய உணவு அல்ல. மாடு நடக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளி, ஈ, தவளை எல்லாம் எழும்பும். கொக்கு அவற்றுக்காகவே கூட நடக்கிறது. மாடு இல்லாத இடத்தில் உழும் டிராக்டரின் பின்னால் போகும். ஆப்பிரிக்காவில் யானையோடும் எருமையோடும் போகும். தனியாக மேய்வதைவிடக் குறைந்த உழைப்பில் அதிக இரை.

இந்தப் பழக்கம்தான் அதை உலகம் சுற்ற வைத்தது. கடந்த இரு நூற்றாண்டுகளில் எந்தப் பறவையும் தானாகவே இவ்வளவு பரவியதில்லை என்று துணிந்து சொல்லலாம். 1870களின் இறுதியில் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து தென் அமெரிக்காவின் வடகரையில் தென்பட்டது. 1941-இல் வட அமெரிக்கா. 1953-இல் புளோரிடாவில் கூடு கட்டியது உறுதியானது. இன்னொரு பக்கம், 1940களில் ஆஸ்திரேலியாவில் நிலைகொண்டது. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கிய இடமெல்லாம் மனிதன் அறியாமலே இதற்கு வீடு கட்டிக்கொடுத்திருந்தான். இப்போது பல பட்டியல்கள் இதை மேலை, கீழை என்று இரண்டு இனங்களாகப் பிரிக்கின்றன. மேலை இனத்தில் பொன்னிறம் உச்சி, மார்பு, முதுகில் திட்டாக இருக்கும். கீழை இனத்தில் தலையும் கழுத்தும் முழுவதுமே பொன்னிறமாகும்.

காத்திருப்பதைத் தவிர வேறு வேட்டை முறைகள் உண்டா?

நிறைய. கொக்கைப் பிடிக்க அதன் தலையில் வெண்ணெய் வைக்கும் கதை நமக்குத் தெரியும். கொக்கே மீனுக்கு இரை வைத்துப் பிடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது. தோசிக்கொக்கும் அதன் அமெரிக்க உறவான பச்சைக்கொக்கும் ஒரு பூச்சியையோ இறகையோ ரொட்டித் துண்டையோ நீரில் போட்டுவிட்டு, அதைத் தேடி மேலே வரும் மீனைக் கொத்தும். இரை மிதந்து போனால் எடுத்து மறுபடி பக்கத்தில் போட்டுக்கொள்ளும்.

ஆப்பிரிக்காவின் கருங்கொக்கு இரண்டு சிறகுகளையும் முன்னே வளைத்துக் குடைபோல் கவிழ்த்து, தலையை அந்த நிழலுக்குள் வைத்துக்கொள்ளும். நிழலை நாடி வரும் மீன் அங்கே மாட்டும். அமெரிக்கக் கடற்கரையின் செம்பட்டைக் கொக்கு ஆழமில்லாத நீரில் ஓடி, திரும்பி, சிறகு விரித்து, துள்ளி, மீன்களைக் கலைத்துப் பிடிக்கும். சின்ன வெண்கொக்கு மஞ்சள் பாதத்தைச் சேற்றில் நடுக்கி, ஒளிந்திருக்கும் இறாலையும் சிறுமீனையும் வெளியே கிளப்பும். அந்தப் பாதத்தின் நிறம் எதற்காக என்று கேட்பவர்களுக்கு, ஐந்து நிமிடம் அது வேலை செய்வதைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஒற்றைக் காலில் நிற்பது ஏன்?

உடல் வெப்பத்தைக் காக்க. காலில் இறகு கிடையாது. நீரில் நிற்கும் கால் வழியே வெப்பம் வெளியேறும். ஒன்றை வயிற்று இறகுக்குள் மடக்கிக்கொண்டால் இழப்பு பாதியாகும். இரை தேடும்போது பெரும்பாலும் இரண்டு காலில்தான் நிற்கும்.

சேற்றிலேயே நின்றும் எப்படி அவ்வளவு வெண்மையாக இருக்கிறது?

இதற்கு விடை கொக்கின் உடம்பிலேயே இருக்கும் பவுடர். மார்பிலும் இடுப்புப் பக்கங்களிலும் இறகுக்கு அடியில் திட்டுத் திட்டாக ஒருவகை மென்தூவி வளர்கிறது. அது உதிர்வதில்லை, நுனி நொறுங்கி மாவுபோல் பொடியாகிக்கொண்டே இருக்கும், அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். விலாங்கு மீனைப் பிடித்த நாரையின் தலையும் கழுத்தும் வழவழப்பான கோழையால் ஒட்டிப்போகும். அப்போது அது தலையை அந்தத் திட்டில் தேய்க்கும். பொடி கோழையை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காலைத் தூக்கி நடுவிரல் நகத்தால் கோதும். அந்த நகத்தின் உள்விளிம்பு சீப்புப் பல்போல் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும். பவுடரும் சீப்பும் கையோடு கொண்டே திரிகிற பறவை.

கூடு, முட்டை, குஞ்சுகள் பற்றிச் சொல்லுங்கள்.

பெரும்பாலான இனங்கள் கூட்டமாகவே கூடு கட்டும். ஒரே மரத்தில் மூன்று நான்கு இனங்களின் கூடுகள் அடுக்கடுக்காக இருப்பது சாதாரணம். பல இனங்களில் குச்சி கொண்டுவருவது ஆண், வாங்கிச் செருகுவது பெண். ஒவ்வொரு குச்சியும் ஒரு வரவேற்புச் சடங்கோடு கைமாறும்: கழுத்து நீளும், கொண்டை விரியும், அலகுகள் உரசும். முட்டைகள் பெரும்பாலும் வெளிர் நீலப்பச்சை, மூன்று முதல் ஐந்து வரை. சாம்பல் நாரை சுமார் 25 நாட்கள் அடைகாக்கும், இருவரும் முறைபோட்டுக்கொள்வார்கள்.

முதல் முட்டை இட்டவுடனேயே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பொரியும். மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் சில நாட்கள் வித்தியாசம். இரை குறைந்தால் மூத்தது இளையதைக் கொத்தித் துரத்தும். பெரிய வெண்கொக்கின் கூட்டில் கடைக்குட்டி இறந்துபோவது அரிதல்ல. பெற்றோர் தலையிடுவதில்லை. அதைப் பார்ப்பது வேதனைதான். இரை மிகுந்த ஆண்டில் எல்லாம் பிழைக்கும், குறைந்த ஆண்டில் ஒன்றிரண்டாவது வலுவாகப் பறக்கும் என்ற கணக்கு அதில் இருக்கிறது. பறந்த பிறகும் வாழ்வு எளிதல்ல. சாம்பல் நாரையின் இளம்பறவைகளில் மூன்றில் ஒரு பங்கே இரண்டாம் ஆண்டைப் பார்க்கின்றன. மீன் பிடிப்பது பிறவியிலேயே முழுதாக வருவதல்ல. பழகிக் கற்க வேண்டியது.

கொக்கின் சிறகுக்காக வேட்டை நடந்தது உண்மையா?

உண்மை, இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் இதைவிடக் கொடிய பக்கம் இல்லை. இனப்பெருக்கக் காலத்தில் வெண்கொக்குகளின் முதுகில் மெல்லிய, இழையிழையான நீண்ட சிறகுகள் வளரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெண்களின் தொப்பிகளில் அவற்றைச் செருகுவது நாகரிகமானது. ஆங்கிலத்தில் எக்ரெட் என்ற பறவைப் பெயரும் அந்தத் தொப்பிச் சிறகின் பெயரும் ஒரே பிரெஞ்சு வேரிலிருந்து வந்தவை. 1903-இல் ஓர் அவுன்ஸ் சிறகு 32 டாலருக்குப் போனது. அதே எடைத் தங்கத்தைவிட அதிகம்.

அந்தச் சிறகு கூடு கட்டும் நாட்களில்தான் இருக்கும் என்பதே பேரழிவுக்குக் காரணம். வேட்டைக்காரர்கள் கூட்டுக் குடியிருப்புக்கே வந்து பெற்றோரைச் சுட்டு, சிறகை உரித்துக்கொண்டு போவார்கள். கூட்டில் குஞ்சுகள் பசியில் சாகும். ஒரே பருவத்தில் இரண்டு தலைமுறைகள் போய்விடும்.

எதிர்ப்பைக் கிளப்பியவர்களில் முன்னின்றவர்கள் பெண்கள். 1889-இல் இங்கிலாந்தில் எமிலி வில்லியம்சன் தொடங்கிய சிறகு எதிர்ப்பு அமைப்பு, பின்னாளில் பறவைப் பாதுகாப்புக்கான ராயல் சங்கமாக வளர்ந்தது. 1896-இல் பாஸ்டனில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இருவர் தேநீர் விருந்துகளில் பெண்களைத் திரட்டி, சிறகுத் தொப்பியைக் கைவிடச் செய்து, மாசசூசெட்ஸ் ஆடுபன் சங்கத்தைத் தொடங்கினார்கள். புளோரிடாவில் கொக்குகளைக் காவல் காத்த கை பிராட்லி 1905 ஜூலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்காவில் 1918-இல் வலசைப் பறவைகள் சட்டமும், பிரிட்டனில் 1921-இல் சிறகு இறக்குமதித் தடைச் சட்டமும் வந்தன. அதன்பின் கொக்குகள் மெல்ல மீண்டன. 1996-இல் சின்ன வெண்கொக்கு பிரிட்டனில், டார்செட் கரையோரத்து பிரவுன்சீ தீவில் கூடு கட்டியது. இன்று அங்கே அது பழகிய பறவை.

இப்போது எந்த இனம் அதிக ஆபத்தில் இருக்கிறது?

வெண்வயிற்று நாரை. இமயமலை அடிவாரத்தில், பெரும்பாலும் பூட்டானிலும் வடகிழக்கு இந்தியாவிலும் மியான்மரிலும், ஆள் நடமாட்டம் இல்லாத ஆற்றங்கரைகளில் வாழ்கிறது. முதிர்ந்த பறவைகள் 250-க்கும் குறைவு. வேகமாக ஓடும் தெளிந்த ஆறும், கரையில் உயர்ந்த மரமும், அமைதியும் வேண்டும். அணையும் மணல் அள்ளுவதும் மூன்றையும் ஒன்றாகப் பறித்துவிடுகின்றன. மடகாஸ்கரின் குளத்துக்கொக்கும் அருகிவருகிறது. கிழக்காசியத் தீவுகளில் கூடு கட்டும் சீனக் கொக்கும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. மொரீஷியஸ், ரீயூனியன், ராட்ரிகஸ் தீவுகளில் வாழ்ந்த வக்கா இனங்கள் மனிதர் குடியேறிய பிறகு அழிந்துபோயின. அவற்றை இனி எலும்புகளில் மட்டுமே பார்க்கலாம்.

கூடு இருக்கும் மரத்தடிக்குப் போய்ப் படம் எடுக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். நீங்கள் நெருங்கியதும் எல்லாப் பறவைகளும் ஒரே நேரத்தில் எழும்பும். அந்தச் சில நிமிடங்களில் முட்டை வெயிலில் வேகும், காகம் வந்து குத்தும், பதறி நகரும் குஞ்சு கீழே விழும். தொலைவிலிருந்து, பறவைகள் உங்களைக் கண்டுகொள்ளாத தூரத்திலிருந்து பாருங்கள். கழுத்தை உயர்த்தி உங்களையே பார்க்கத் தொடங்கினால் அதுவே எல்லை, அங்கிருந்து பின்வாங்குங்கள்.

மரத்துக்கு அடியில் குஞ்சைக் கண்டால்?

இறகு முளைத்த கொக்குக் குஞ்சுகள் பறப்பதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிக் கிளை கிளையாகத் தொற்றி நடக்கும். அலகையும் கால்களையும் பயன்படுத்தித் திரும்ப ஏறவும் தெரியும். தாழ்ந்த கிளையில் தனியாக இருப்பது ஆதரவற்ற குஞ்சு என்று முடிவு கட்டாதீர்கள். இறகே இல்லாததோ காயம்பட்டதோ தரையில் கிடந்தால் வனத்துறைக்கோ பறவை மீட்பவர்களுக்கோ சொல்லுங்கள். தூக்க வேண்டி வந்தால் துணியால் மூடித் தூக்குங்கள், அலகை உங்கள் முகத்துக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். பயந்த கொக்கு முதலில் கொத்துவது கண்ணை.